பரீட்சை பிள்ளைக்கா, தகப்பனாருக்கா?

கோடை பிறந்தால் விழுப்புரம், திண்டிவனம் பிரதேசங்களில் ஒரு கவலையும் கூடவே பிறக்கிறது. செஞ்சிப் பக்கத்தில் மணிலா பயிரிடுகிறவரும், மரக்காணத்து உப்பளத்தில் பாடுபடுகிறவரும் தம் மக்களைத் தனியார் ஹைஸ்கூலில் சேர்க்க ஆசைப்படுகிறார்கள். சில பாடசாலைகளிலோ நேர்முகப் பேட்டி என்னும் வாயிலைக் கடந்தாக வேண்டும். பிள்ளையை மட்டுமன்றிப் பெற்றோரையும் கேள்வி கேட்பதுண்டு. தகப்பனாருக்கு இங்கிலீஷ் வராதது மகனுடைய குற்றமாகுமா என்று கேட்கிறோம்.

1911-ம் வருஷம் கோகலே அவர்கள் இம்பீரியல் சட்டசபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மறு வருஷமே அது தோற்கடிக்கப்பட்டது. ஏறக்குறைய நூறு வருஷங்கள் கழிந்து, 2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி கட்டாய இலவசக் கல்விச் சட்டம் அமுலுக்கு வந்தது. இதன் 13-வது பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பொறுக்கி எடுப்பதைத் தடுக்கிறது. மீறினால் முதல் முறை ரூ. 25,000 வரையிலும், பின்னர் ஒவ்வொரு முறையும் ரூ. 50,000 வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

ஆனால், இச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் புதிதாகச் சேர வரும் பிள்ளைக்கு இந்த வேலி இல்லை. ஏழு வயதில் அநீதியானது பதினான்கு வயதில் நீதியாகிவிடுமோ? மாணவனின் தரத்தை அறியாமல் எப்படிச் சேர்ப்பது என்று நிர்வாகிகள் கேட்கக்கூடும். தரத்தை அறிந்து குறையை நிரப்புவது உபாத்தியாயரின் தொழில். அதனைச் சேர்த்த பின்பு தாராளமாகச் செய்யலாம்.

சட்டம் திருந்தும் வரையில் நம் பிள்ளைகள் வெறுங்கையராய்ப் போகலாகாது. மனப்பாடம் செய்த பதிலைக் கிளிப்பிள்ளை போல் ஒப்பிப்பதால் பயனில்லை. தன் ஊர் ஏரியைப்பற்றி, வயலில் விளைவதைப்பற்றி, தான் படித்த ஒரு புஸ்தகத்தைப்பற்றி ஐந்து நிமிஷம் தடையின்றிப் பேசப் பழகட்டும். இங்கிலீஷிலும் அதையே சிறு வாக்கியங்களில் சொல்லிப் பார்க்கட்டும். தெரியாததைத் "தெரியாது" என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

பெற்றோர் தமிழிலேயே மறுமொழி கூறுக, வெட்கம் வேண்டாம். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்திற் பிறந்த ராமசாமி ரெட்டியார் அவர்கள்தாம் 1947-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. தனியார் பாடசாலைகளின் கட்டணத்தை ஒரு கமிட்டி நிர்ணயிப்பதற்கு 2009-ம் வருஷத்திலேயே தமிழ்நாட்டில் சட்டம் ஏற்பட்டது. நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று வினவி, கொடுத்த பணத்துக்கு ரசீது பெறுவது அவர்களுடைய உரிமை.

பொது ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. கிராமத்து வாசகசாலையில் மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பத்துப் பிள்ளைகளைப் பேசப் பழக்குவது மேடைப் பிரசங்கத்துக்குக் குறைந்த தொண்டன்று. அத்துடன், 13-வது பிரிவின் காப்பைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்ட வேண்டுமென்று ஊர்தோறும் தீர்மானம் நிறைவேற்றி, சட்டசபை அங்கத்தினர்களுக்கும் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கும் அனுப்புக. பாடசாலையின் வாயிலில் நின்று பரீட்சை கொடுக்க வேண்டியவன் மாணவனும் அல்லன், அவனைப் பெற்றவனும் அல்லன். எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்று வாக்களித்த இத்தேசமே அப்பரீட்சையில் தேற வேண்டும்.