கையால் செய்த வாழ்த்து அட்டைக்கு என்ன விலை?

கல்லூரிக் கலைவிழா வந்துவிட்டால் வளாகத்துக்குள் போடுகிற ஸ்டால்களில், பஜ்ஜிக் கடைக்கும் மெஹந்திக் கடைக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கும். அதன்மேல் கையால் செய்த வாழ்த்து அட்டைகள். வருகிறவர் ஒன்றை எடுப்பார். தங்க நிறத்தில் எழும்பி நிற்கும் எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பார். "சூப்பரா இருக்கும்மா" என்பார். விலை கேட்டதும் முகம் மாறிவிடும். "அறுபதா? வெறும் அட்டைதானே!" கடைசியில் நாற்பதுக்கு முடியும். விற்ற பெண்ணுக்கும் சந்தோஷம், வாங்கியவருக்கும் சந்தோஷம். ஆனால் இந்த வியாபாரத்தில் ஒரு பெரிய தவறு ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்தத் தங்க எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். இதற்கு ஹீட் எம்பாஸிங் என்று பெயர். சீக்கிரம் காயாத பிசுபிசுப்பான மையில் ரப்பர் ஸ்டாம்பைத் தொட்டு அட்டையில் குத்த வேண்டும். ஈரம் காய்வதற்குள் எம்பாஸிங் பவுடரைத் தூவ வேண்டும். சூடு பட்டால் உருகும் மிக நுண்ணிய பிசின் துகள்தான் இந்தப் பவுடர். மை இருக்கும் இடத்தில் மட்டும் அது ஒட்டும். மிச்சத்தை ஒரு தாளில் தட்டி மறுபடி பாட்டிலுக்குள் கொட்டிவிடலாம். பிறகு ஹீட் கன்னால் சூடு காட்டினால், மங்கலாகக் கிடந்த பவுடர் உருகி ஒன்றுசேர்ந்து பளபளவென்று எழும்பி நிற்கும். நம் வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகள் சிலவற்றில் பெயர்கள் மேடாக இருக்குமே, அதிலும் பெரும்பாலும் இதே தத்துவம்தான். அச்சகத்தில் அதைத் தெர்மோகிராபி என்பார்கள். ஈர மையின்மேல் பவுடர் விழுந்து, சூடான அடுப்புக்குள் நகர்ந்துபோய் மறுபக்கம் மேடாக வெளியே வரும். அங்கே மெஷின் செய்வதை இங்கே ஒரு கை செய்கிறது.

கேட்க ரொம்ப சுலபமாக இருக்கிறது அல்லவா? செய்து பார்த்தால்தான் தெரியும். அட்டையில் விரல் ஈரம் பட்டிருந்தால் பவுடர் அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். பிறந்தநாள் வாழ்த்துக்குப் பக்கத்தில் கைரேகையும் தங்கத்தில் மின்னும்! அதனால் முதலில் டால்கம் பவுடரை லேசாகத் தடவித் துடைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ஒட்டிய துகள்களை மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஹீட் கன்னை முதலில் வேறு பக்கம் காட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் அட்டைப் பக்கம் திருப்ப வேண்டும். சூடு அதிகமானால் பிசின் காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆகிவிடும், அட்டையும் வளைந்துபோகும். ஹேர் டிரையரை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் சூடு போதாது, காற்று அதிகம், பவுடர் பறந்துவிடும். ஹீட் கன் வாங்க வசதியில்லாத சிலர், சூடான இஸ்திரிப்பெட்டிக்கு மேலே அட்டையின் பின்பக்கத்தைக் காட்டிச் செய்வதும் உண்டு. நன்றாகவே வரும். விரல் பத்திரம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணமாக, ஒரு அட்டைக்குத் தாள், மை, பவுடர், கவர் எல்லாம் சேர்த்து 22 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஹீட் கன் 1,500 ரூபாய், 300 அட்டை வரை உழைக்கும் என்றால் தேய்மானம் ஒரு அட்டைக்கு 5 ரூபாய். வெட்டி, மடித்து, ஸ்டாம்ப் குத்தி, சூடு காட்டி, ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம். பத்து அட்டை செய்தால் இரண்டு வீணாகும். மிச்சம் எட்டையும் நாற்பது ரூபாய்க்கு விற்றால் வரவு 320. பொருள் செலவும் தேய்மானமும் 270. கையில் நிற்பது 50 ரூபாய். உழைத்தது ஏழரை மணி நேரம். அதாவது மணிக்கு 7 ரூபாய்கூட இல்லை! பத்து அட்டையை ஒரே மூச்சில் வெட்டினால் நேரம் கொஞ்சம் மிச்சமாகும்தான். ஆனாலும் மணிக்கு 80 ரூபாய் என்று கூலி போட்டுப் பார்த்தால், அடக்க விலையே ஒரு அட்டைக்குக் கிட்டத்தட்ட 109 ரூபாய் வந்துவிடுகிறது. இன்னும் லாபம் சேர்க்கவில்லை.

"அது ஒரு ஹாபிதானே, சந்தோஷத்துக்காகச் செய்வதற்கு எதற்குக் கூலிக் கணக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சந்தோஷத்துக்காக என்றால் தோழிக்குச் சும்மா கொடுக்கலாம், அதைவிட அழகான பரிசு கிடையாது. ஆனால் மேசை போட்டு, விலை எழுதி வைத்த பிறகு அது சந்தை. வீட்டில் ஃபீஸ் கட்டிவிடுகிறார்கள், சாப்பாட்டுக்குக் கவலையில்லை என்பதால் ஒரு மாணவி நாற்பதுக்கு விற்க முடிகிறது. அதே ஊரில் இதே அட்டையைச் செய்து வீட்டுச் செலவைப் பார்க்கும் ஒரு அக்கா 120 என்று சொன்னால், "காலேஜ் பசங்க நாப்பதுக்குத் தர்றாங்களே" என்று பதில் வரும். பெரிய கம்பெனிகள் விலையை அடிமாட்டு ரேட்டுக்கு இறக்கிச் சின்னக் கடைகளை மூட வைத்தால் கோபப்படுகிறோம். தெரியாமல் செய்தாலும் இதன் விளைவும் அதே வகையானதுதான்.

கையால் செய்தது மலிவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதே ஆச்சரியம். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்டதைத்தான் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை என்கிறார்கள். ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தது. ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினார்கள். விலை ஒரு ஷில்லிங். அப்போது உள்நாட்டில் ஒரு சாதாரணக் கடிதம் அனுப்ப ஒரு பென்னி. ஒரு ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி, அதாவது ஒரு அட்டையின் விலைக்குப் பன்னிரண்டு கடிதங்கள் அனுப்பலாம். அப்படித்தான் விலை வைத்தார்கள்.

அடுத்த கலைவிழாவில் சிலர் வாங்குகிறவர் முன்னாலேயே எம்பாஸிங் செய்து காட்டலாம். கூட்டம் கூடும், பவுடர் உருகிப் பளபளக்கும்போது "அட!" என்பார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சூடு காட்டும் வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். "இவ்வளவுதானா, இதுக்கா நூத்தி இருபது?" என்று உடனே கேட்பார்கள். ஆகவே அளந்து வெட்டுவதையும், டால்கம் தடவுவதையும், பிரஷ்ஷால் துகள் தள்ளுவதையும் அதே மேசையில் வைத்துச் செய்வது நல்லது. வீணாய்ப்போன இரண்டு அட்டைகளையும் ஒளித்து வைக்காமல் பக்கத்திலேயே வைக்கலாம்.