வாள் உண்டு, அதிகாரம் இல்லை

பிரிட்டனில் உள்ளூர் செய்தித்தாளைப் புரட்டினால் வாரம் ஒரு முறையாவது இப்படி ஒரு படம் கண்ணில் படும். ஏதோ ஒரு சமூகக் கூடம். நடுவில் ராணுவத் தளபதி மாதிரி உடுப்பு போட்ட ஒரு பெரியவர், அல்லது கோட்டில் ரிப்பன் பதக்கம் குத்திய ஓர் அம்மையார். சுற்றிலும் தன்னார்வலர்கள், பிஸ்கட் தட்டு, தேநீர்க் கோப்பைகள். கீழே ஒரு வரி: "லார்ட் லெப்டினன்ட் வருகை". (இங்கே அதை 'லெஃப்டெனன்ட்' என்றுதான் சொல்கிறார்கள். எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள் :-))

யார் இவர்? நம்மூர் கலெக்டர் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கலெக்டரிடம் மனு கொடுத்தால் பட்டா கிடைக்கலாம், குறைந்தபட்சம் ரசீதாவது கிடைக்கும். இவரிடம் மனு கொடுத்து ஒன்றும் ஆகாது. இவர் ஒரு கவுண்டியில் மன்னரின் பிரதிநிதி, அவ்வளவுதான். பிரிட்டன் முழுக்க இப்படி ஏறக்குறைய நூறு பேர் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. 75 வயதில் ஓய்வு. பிரதமரின் ஆலோசனைப்படி மன்னர் நியமிக்கிறார். தேர்தல் எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் இது வெறும் அலங்காரப் பதவி அல்ல. 1540களில், எட்டாம் ஹென்றி காலத்தில், உள்ளூரில் படை திரட்டத்தான் இவர்களை நியமிக்க ஆரம்பித்தார்கள். 1871ல் வந்த ராணுவச் சீர்திருத்தச் சட்டம் அந்தப் படையை இவர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டது. படை போய்விட்டது. உடுப்பும் வாளும் மட்டும் தங்கிவிட்டன!

இன்றைக்கு இவர்கள் வேலை என்ன? அரச குடும்பத்தார் வந்தால் வரவேற்பது, பதக்கங்கள் வழங்குவது, போரில் இறந்தவர்களின் நினைவு நாளில் மலர்வளையம் வைப்பது. மீதி நாட்களில் பள்ளி, சாரணர் முகாம், முதியோர் மதிய உணவு, கோயில், மசூதி, உணவு வங்கி என்று சுற்றுவது. இந்தச் சுற்றலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பெரும்பாலோர் சிரித்தார்கள். "கை குலுக்குறதுக்கு ஒரு பதவியா?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். மன்னராட்சியே வேண்டாம் என்பவர்களுக்கு இது இன்னும் எரிச்சலான விஷயம். ஆனால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது.

ஒரு எம்.பி. உணவு வங்கிக்கு வந்தால் அவருக்கு ஓட்டு வேண்டும். ஒரு கம்பெனி முதலாளி வந்தால் அவருக்கு விளம்பரம் வேண்டும். கவுன்சில் அதிகாரி வந்தால் கணக்கைப் பார்க்க வந்திருப்பார். லார்ட் லெப்டினன்டுக்கு நம்மிடம் இருந்து எதுவும் வேண்டாம். கொடுக்கவும் அவரிடம் ஒன்றும் இல்லை. அதனாலேயே அவர் வெறுமனே உட்கார்ந்து கேட்க முடியும். பத்து வருடமாக சனிக்கிழமை தோறும் உருளைக்கிழங்கு உரிக்கும் ஒரு பாட்டியிடம் "நீங்கள் செய்வதை நாடு கவனிக்கிறது" என்று சொல்ல வேறு யாரும் வருவதில்லை.

இன்னொன்று. 2004ல் இருந்து பிரிட்டனில் குடியுரிமை பெறுபவர்கள் ஒரு விழாவில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அங்கே லார்ட் லெப்டினன்ட் அல்லது அவரது துணைவர்களில் ஒருவர் வந்து வரவேற்பார். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து, பல வருடம் உள்துறையின் கடிதங்களுக்குப் பயந்து பயந்து தபால் பெட்டியைத் திறந்த நம் மக்கள் எத்தனையோ பேர் அந்த மண்டபங்களில் நின்றிருக்கிறார்கள். அரசு என்றாலே விசாரணை என்று பழகியவர்களிடம், அரசின் பெயரால் ஒருவர் சிரித்துக்கொண்டே கை நீட்டுவது சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லாம் நல்லபடியா? இல்லை. என் பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

நான் தன்னார்வலராகப் போகும் ஒரு கூடத்துக்கு இப்படி ஒரு வருகை நடந்தது. இரண்டு நாள் முன்பிருந்தே தரையைத் தேய்த்தோம். கூரை ஒழுகி ஈரம் பிடித்த சுவர் ஒன்று இருக்கிறது. அதன் மேல் வண்ணக் கொடித் தோரணத்தைக் கட்டி மறைத்தார்கள். வந்தவர் உண்மையிலேயே அன்பானவர், ஒவ்வொருவரிடமும் நின்று பேசினார். ஆனால் அந்தச் சுவரை அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு அவர் வந்ததற்கு ஒரு பயன் இருந்திருக்கும்.

தன்னார்வக் குழுக்களுக்கு மன்னர் விருது என்று ஒன்று உண்டு. 2002ல் எலிசபெத் மகாராணியின் பொன்விழாவை ஒட்டித் தொடங்கியது. தேர்வில் முதல் சுற்று லார்ட் லெப்டினன்ட் அலுவலகத்தின் கையில்தான். ஜெயித்தால் மன்னர் கையெழுத்திட்ட சான்றிதழும் ஒரு கண்ணாடி நினைவுப் பரிசும் கிடைக்கும். பணம் கிடையாது. பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சி கிட்டத்தட்டத் திவால் என்று அறிவித்ததை மறந்துவிடக் கூடாது. உள்ளாட்சிகள் கையை விரிக்கும் காலத்தில், முன்பு சம்பளத்துக்கு நடந்த வேலைகள் தன்னார்வலர்கள் தலையில் விழுகின்றன. அப்போது பாராட்டு, காசுக்குப் பதிலாக நீட்டும் மிட்டாயாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

அதனால் என் கட்சி இதுதான்: பதவியை ஒழிக்க வேண்டாம், வருகையை மாற்றுங்கள்.

ஒன்று, சில வருகைகளாவது தோரணம் இல்லாமல், உடுப்பு இல்லாமல், புகைப்படக்காரர் இல்லாமல் நடக்கட்டும். இரண்டு, ஒரு வருடத்தில் எந்தெந்தப் பகுதிக்கு எத்தனை முறை போனார்கள் என்று எல்லா கவுண்டிகளும் ஒரே மாதிரிப் பட்டியல் வெளியிடட்டும். பணக்கார கிராமத்துப் பூக்கண்காட்சிக்கு ஐந்து முறையும், அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பூஜ்யமும் என்றால் தெரிந்துவிடும். மூன்று, இவர்கள் கூப்பிட்டால் யாரும் வரமாட்டேன் என்று சொல்வதில்லை. கவுன்சில் தலைவர், தொழிலதிபர், உணவு வங்கி நடத்துபவர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடியும். கட்சி அரசியல் பேசாமலே "இந்தச் சுவரை யார் சரி செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்க முடியும்.

நியமனமும் திறந்திருக்கலாம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்தீன், டண்டீ ஆகிய நான்கு நகரங்களில், கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் லார்ட் புரோவோஸ்ட்தான் இந்தப் பதவியையும் வகிக்கிறார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மற்ற இடங்களிலும் மாற்றம் வராமல் இல்லை. 1975ல்தான் முதல் பெண் லார்ட் லெப்டினன்ட், அவரும் ஒரு டியூக்கின் மனைவியாக இருந்தவர். 2006ல் மெர்சிசைடுக்கு வந்தவர் லோர்னா முயர்ஹெட், பிரசவம் பார்த்த மருத்துவச்சி. 2015ல் லண்டனுக்குக் கறுப்பினத்தவரான கென் ஒலிசா, 2022ல் சாமர்செட்டுக்கு முகமது சாதிக். டியூக் வீட்டிலிருந்து மருத்துவச்சி வரை வர முடிந்தது என்றால், இன்னும் இரண்டு படி இறங்கி வரவும் முடியும்.

அதிகாரம் இல்லாதவர் வருகையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அதிகாரம் இல்லாதவருக்கும் கண் இருக்கிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. உங்கள் ஊர்க் கூடத்துக்கு அடுத்த முறை பெரிய மனிதர் யாராவது வந்தால், தயவு செய்து தோரணத்தை வேறு சுவரில் கட்டுங்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள் :-)