கார் லைசென்சில் லாரி ஓட்டலாமா?

காரும் ஒரு வண்டி. காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடும் ‘குட்டி யானை’யும் ஒரு வண்டி. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் குட்டி யானையை ஓட்டலாமா?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் இதற்கு விடை சொல்ல, டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் 5 நீதிபதிகள் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது. 2024-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி அவர்கள் தீர்ப்புக் கூறினார்கள். ஓட்டலாம் என்பதே தீர்ப்பு.

அப்படியானால் எந்த லாரியையும் ஓட்டலாமா? அதுதான் இல்லை. எதை ஓட்டலாம், எதை ஓட்டக்கூடாது என்பதை டிரைவர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்தால் தவிப்பது குடும்பம் அல்லவா?

வழக்கு வந்த கதை

வண்டி மோதி ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய மனைவி நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கிறார். வண்டிக்கு இன்சூரன்சு இருக்கிறது. பணம் வந்துவிடும் என்று நம்புகிறார்.

இன்சூரன்சு கம்பெனியின் வக்கீல் எழுந்திருக்கிறார். டிரைவரிடம் இருப்பது கார் லைசென்ஸ். அவர் ஓட்டியதோ வாடகை வண்டி. அதற்குத் தனி அனுமதி வாங்கவில்லை. ஆகவே பணம் தரமாட்டோம் என்கிறார்.

இப்படிப்பட்ட வழக்குகள் நாடு முழுவதும் நடந்தன. 2017-ல் முகுந்த் தேவாங்கன் என்பவரின் வழக்கில், தனி அனுமதி தேவை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டின் 3 நீதிபதிகள் கூறினார்கள். இன்சூரன்சு கம்பெனிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விவகாரம் தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட 5 நீதிபதிகளிடம் போயிற்று. அவர்களும் 2017-ம் ஆண்டுத் தீர்ப்பு சரிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

எடைதான் கணக்கு

லைசென்சில் ‘எல்.எம்.வி.’ என்று போட்டிருந்தால், அது இலகுரக வாகன லைசென்ஸ். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகள் இந்த வகையில் சேரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காருக்கும் டிராக்டருக்கும் வெறும் வண்டியின் எடையைப் பார்ப்பார்கள். சரக்கு வண்டிக்கு அப்படி அல்ல. வண்டியின் எடையோடு, அது ஏற்றக்கூடிய சரக்கின் எடையையும் கூட்ட வேண்டும். இந்த மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். அது 7,500 கிலோவுக்குள் இருந்தால், மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தாலும் எல்.எம்.வி. லைசென்ஸ் போதும்.

எதை ஓட்டக்கூடாது?

பெரிய லாரி, பெரிய பஸ் ஆகியவற்றைத் தொடக்கூடாது. அவற்றுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அதற்கு 20 வயது நிரம்ப வேண்டும். அதற்கான பழகுநர் லைசென்ஸ் வாங்கவே, எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பெட்ரோல், கியாஸ் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கும், மின்சார ரிக்‌ஷாவுக்கும் தனி விதிகள். புதிய தீர்ப்பு அவற்றை மாற்றவில்லை.

கார் லைசென்சைக் காட்டி மோட்டார் சைக்கிள் ஓட்டவும் முடியாது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு வாங்கிய லைசென்ஸ், கியர் வண்டிக்குச் செல்லாது.

பெற்றோர் கவனிக்க! 16 வயதில் ஓட்டக்கூடியது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். சாதாரண ஸ்கூட்டர் 100 சி.சி.க்கு மேல். 18 வயது ஆகாத பிள்ளையிடம் அதன் சாவியைக் கொடுத்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

தீர்ப்பு நல்லதா?

வாடகை வண்டி ஓட்டக் கூடுதல் பயிற்சி வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2023-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆனால் எல்.எம்.வி. லைசென்சில் வாடகை வண்டி ஓட்டுவோரால் விபத்து பெருகியது என்று காட்டும் புள்ளிவிவரம் எதுவும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்று நீதிபதிகள் கூறினார்கள்.

சின்ன வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு இந்தத் தீர்ப்பு நிம்மதி. விபத்தில் ஆளை இழந்த குடும்பங்களுக்கும் ஒரு முட்டுக்கட்டை நீங்கியது.

ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு. கை பழகுவது வேறு. நாலு பேர் உட்கார்ந்த கார், பிரேக் போட்டதும் நிற்கும். மூட்டை ஏற்றிய வண்டி அந்தத் தூரத்தில் நிற்காது. சரக்கு வண்டியைப் புதிதாக ஓட்டப்போகிறவர், பழகிய டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வண்டிச் சொந்தக்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும். தகுந்த லைசென்ஸ் இல்லாத டிரைவரால் விபத்து நேர்ந்தால், முதலில் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்று கோர்ட்டு உத்தரவிடுவது உண்டு. ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கும் குடும்பம் அதைத் தாங்குமா?

ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, லைசென்சில் உள்ள வகை. மற்றொன்று, ஆர்.சி.யில் உள்ள எடை. இரண்டும் பொருந்தினால்தான் வண்டி கிளம்பலாம்.