வளர்ந்தவர் கையில் ஒரு பொம்மை

நோயாளியின் கட்டிலருகே உள்ள சிறு அலமாரியில் மருந்துச் சீட்டும் தண்ணீர்ப் புட்டியும் சாமி படமும் இருப்பதை எவரும் வியப்புடன் பார்ப்பதில்லை. அங்கே ஒரு மரப்பாச்சியோ பழைய பம்பரமோ இருந்துவிட்டால் மட்டும் உடனிருப்பவர்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. 'இந்த வயதில் பொம்மை எதற்கு?' என்று கேட்டு, பார்வையாளர் வரும் நேரத்திற்கு முன்பாக அதைப் பைக்குள் மறைத்து வைக்கிறோம். இந்தக் கூச்சம் தேவையற்றது. நோயுற்ற காலத்தில் அது நோயாளியின் மனத்தை வருத்தவும் கூடும். அவர் கையில் இருப்பதை அவரிடமே விட்டுவிடுங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நம் முன்னோருக்கு இந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. தாய் வீட்டிலிருந்து மணமகளுக்குத் தரப்பட்ட மரப்பாச்சி இணையை, அவள் பாட்டியான பின்னரும் ஆண்டுதோறும் நவராத்திரியில் எடுத்துத் துடைத்து, புது உடை உடுத்திக் கொலுவில் வைப்பாள். வைகுண்ட ஏகாதசி இரவில் பெரியவர்களே பரமபதப் படத்தை விரித்து, ஏணியில் ஏறியும் பாம்பில் இறங்கியும் விடியும்வரை கண்விழிப்பார்கள். ஆடுபுலி ஆட்டத்தின் கட்டங்கள் எத்தனையோ கோயில் மண்டபங்களின் கல்தரையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழடி அகழாய்வில் தாயக்கட்டைகளும் விளையாட்டுச் சில்லுகளும் கிடைத்தன. விளையாட்டு வளர்ந்தவருக்கும் உரியது என்பதற்கு இவையெல்லாம் சான்றுகள்.

நோய் ஒருவரிடமிருந்து பலவற்றைப் பறித்துக்கொள்கிறது. சொந்த உடை போய் மருத்துவமனை உடை வருகிறது. பெயருக்குப் பதில் கட்டில் எண் சொல்லப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் கைத்திறனால் வாழ்பவை. தோலைப் பதம் பார்த்த கையும், காலணியின் மேற்பாகத்தைத் தைத்த கையும் பக்கவாதத்தால் மடியில் அசைவற்றுக் கிடக்கும்போது, அந்த மனிதர் தம் வேலையை மட்டும் இழக்கவில்லை. தாம் யார் என்ற நினைப்பையே இழக்கத் தொடங்குகிறார். அந்நிலையில் சிறுவயது முதல் உடன்வந்த ஒரு பொருள், 'நான் இன்னும் அதே ஆள்தான்' என்று அவருக்குச் சொல்கிறது. குழந்தை தாயைப் பிரிந்திருக்கும் நேரத்தைத் தாங்கிக்கொள்ளத் துணைசெய்யும் துணியையும் பொம்மையையும் பற்றி 1953-இல் விரிவாக எழுதிய ஆங்கிலேய மருத்துவர் டொனால்டு வின்னிகாட், விளையாட்டு குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை என்றும் பின்னர் வலியுறுத்தினார்.

வேலூருக்கென்றே இதில் ஒரு வரலாறு உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், கட்டுமானத் தொழிலும் தச்சு வேலையும் கற்ற பின்னரே மருத்துவம் படித்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை இங்கே உருவாக்கினார். விரல்கள் நிமிர்ந்தன, ஆனால் அவற்றைக் கொண்டு பிழைக்கும் வழி நோயாளிகளுக்குத் தெரியவில்லை. மடங்கிய கையைக் காட்டிப் பிச்சை எடுத்தவருக்கு நிமிர்ந்த கை பிச்சையைக் கூடப் பெற்றுத் தரவில்லை. எனவே கல்லூரி வளாகத்தில் 'நவஜீவ நிலையம்' என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. அங்கிருந்த தச்சுப் பட்டறையில், ஊரால் ஒதுக்கப்பட்டிருந்த இளைஞர்கள் செய்த பொருள்களுள் மரப் பொம்மைகளும் இருந்தன.

அப்பட்டறை மருத்துவ உலகிற்கும் ஒரு பாடம் தந்தது. ஒவ்வொரு நாளும் கைகளைச் சோதித்து, ஒவ்வொரு புதுப் புண்ணும் எப்படி வந்தது என்று தேடியபோது, விரல்கள் நோயால் தாமே அழுகி விழுவதில்லை, வலி உணராததால் ஏற்படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பது தெளிவாயிற்று. கையைக் காக்கக் கற்றுக்கொடுத்தால் கை நிலைக்கும் என்ற அறிவின் ஒரு பங்கு, பொம்மை செய்த இடத்தில் பிறந்தது.

இன்றும் மறுவாழ்வுச் சிகிச்சையில் விளையாட்டுக்கு இடமுண்டு. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் சோழியை ஒவ்வொன்றாக இடுவதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இயங்க வேண்டும். கண் கையைத் தொடர வேண்டும். மனம் எண்ண வேண்டும். கேரம் காயைச் சுண்டுவதும் களிமண்ணைப் பிசைவதும் இத்தகையவையே. இருபது முறை விரலை மடக்கச் சொன்னால் ஐந்தாம் முறையிலேயே சலிப்பவர், ஆட்டத்தில் வெல்வதற்காக அதையே நூறு முறை செய்வார். வலியும் அச்சமும் சற்று நேரம் பின்னே நிற்கும்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். விளையாடுகிறவர் குழந்தையாகிவிடுவதில்லை. வீட்டின் மூத்தவரைப் பார்த்துக் கொஞ்சுமொழி பேசுவதும், அவர் விரும்பாத பொம்மையைக் கையில் திணிப்பதும், அதைப் படம் பிடித்து உறவினர் பார்க்கக் கைபேசியில் அனுப்புவதும் அன்பாகா. நினைவு மங்கிய தாய் ஒரு துணிப் பொம்மையை அணைத்துக்கொண்டால் அது அவருக்கு அமைதி தருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிடுங்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். தேர்வு அவருடையதாக இருக்கட்டும். எதிர்முனையில் அமர்ந்து சமமாக ஆடுங்கள். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். உங்கள் இரக்கத்தை அவர் உடனே கண்டுகொள்வார்.

சில எச்சரிக்கைகளும் தேவை. விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர், நினைவுக் குழப்பம் உள்ளவர் அருகே புளியங்கொட்டை, சோழி போன்ற சிறு பொருள்களை வைக்க வேண்டாம். பெரிய காய்களைப் பயன்படுத்துங்கள். உணர்ச்சி குன்றிய கைகளுக்குக் கூர்முனையற்ற, வழவழப்பான பொருளே ஏற்றது. ஆடி முடித்ததும் விரல்களைப் பார்த்துக் காயமில்லை என உறுதிசெய்துகொள்ளுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் அறைக்குத் துணிப் பொம்மையைக் கொண்டுவரும் முன் செவிலியரைக் கேளுங்கள். கழுவித் துடைக்கக்கூடியது எதுவோ அதுவே வார்டுக்கு நல்லது.

'வேளைக்குச் சோறும் மருந்தும் கொடுக்கவே நேரம் போதவில்லை, விளையாட்டுக்கு எங்கே போவது?' என்று உடனிருப்போர் கேட்பது நியாயமே. வேலையிலிருந்து நேரே வந்து, இரவெல்லாம் தரையில் பாய் விரித்துக் கிடப்பவருக்கு இன்னொரு கடமையைச் சுமத்துவது நம் நோக்கமன்று. நாளொன்றுக்குக் கால்மணி நேர ஆட்டம் போதும். அது நோயாளிக்கு மட்டுமின்றி உங்களுக்கும் ஓய்வு. அந்தக் கால்மணி நேரத்தில் நீங்கள் இருவரும் நோயாளியும் பராமரிப்பவருமாக இல்லாமல், தந்தையும் மகளுமாக, கணவனும் மனைவியுமாக இருக்கலாம்.

அடுத்தமுறை வீட்டிலிருந்து மாற்றுத் துணியும் கஞ்சித் தூக்கும் கொண்டுவரும்போது, 'பரணில் இருப்பதில் எதையாவது எடுத்துவரட்டுமா?' என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், கொண்டுவந்து அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.