தையலை எண்ணாதீர், வந்த வழியைக் கேளுங்கள்!



'அசல் கைப்பையைக் கண்டறியும் வழிகள்' என்னும் பட்டியல் ஒன்று நம் புலனக் குழுக்களில் ஓயாமல் வலம் வருகிறது. தையலை எண்ணுங்கள், தோலை முகருங்கள், உள்ளே எண்ணைத் தேடுங்கள் என்கிறது அது. அதை நம்பி 1,500 ரிங்கிட்டை இழந்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: இப்பட்டியல் வாங்குபவரைக் காப்பதில்லை, ஏமாற்றுபவனுக்கே துணை நிற்கிறது.

லூயி விட்டோன் பையையே எடுத்துக்கொள்வோம். அந்நிறுவனம் போலிகளோடு போராடுவது நேற்று தொடங்கிய கதையன்று. பிறர் தம் பெட்டிகளைப் பார்த்துச் செய்வதைத் தடுக்க, 1888இல் கட்டம் போட்ட துணியில் தம் பெயரையே பொறித்தார்கள். அதுவும் போதாமல், 1896இல் நிறுவனரின் மகன் ஜார்ஜ், எழுத்தும் பூவும் கலந்த புதிய வடிவத்தைக் கொண்டுவந்தார். நகலைத் தடுக்கப் பிறந்த அவ்வடிவத்தின் நகல்தான் இன்று சந்தைதோறும் தொங்குகிறது! நாம் கற்கும் அடையாளம் எதுவோ, அதைப் போலி செய்பவன் நமக்கு முன்பே கற்றுவிடுகிறான்.

பட்டியல் கூறும் 'உண்மை'களைச் சற்று உரசிப் பார்ப்போமா?

1. 'பிரான்சில் செய்யப்படாத பை போலி.' தவறு. ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் அந்நிறுவனத்தின் பைகள் தயாராகின்றன.

2. 'எழுத்துகள் தலைகீழாக இருந்தால் போலி.' தவறு. வழக்கமான 'ஸ்பீடி' பையின் உடல் அடியில் தையலின்றி ஒரே துண்டால் ஆனது. முன்புறம் நேராக நிற்கும் எழுத்து, பின்புறம் தலைகீழாகத்தான் வரும்.

3. 'உள்ளே எண் இல்லையேல் போலி, இருந்தால் அசல்.' இரண்டுமே தவறு. அவ்வெண், பை செய்யப்பட்ட இடத்தையும் காலத்தையும் காட்டும் குறியீடு மட்டுமே. 2021இல் அதை நிறுத்திவிட்டு நுண்சில்லைப் பொருத்தத் தொடங்கினார்கள். அச்சிடும் எண்ணைப் போலிப் பையில் அச்சிட எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படியானால் அடையாளங்களால் பயனே இல்லையா? உண்டு, பாதிப் பயன் உண்டு. தையல் கோணலாக இருந்தால், உலோகத்தில் பொறித்த எழுத்து மங்கியிருந்தால், குறியீடு ஒரு நாட்டையும் முத்திரை வேறு நாட்டையும் காட்டினால், அப்பையை ஒதுக்கிவிடலாம். ஆனால், எல்லாம் சரியாக இருப்பதால் அது அசல் ஆகிவிடாது. என் பையில் எல்லாமே சரியாக இருந்தன! பழைய பைகளை வாங்கி விற்கும் ஒருவர் உள்துணியைப் புரட்டிப் பார்த்துச் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. இணையத்தில் விற்றவரின் தொலைபேசி அதற்குள் அணைந்துவிட்டது.

அதன் பின் நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பணம்தான் போயிற்று, பையாவது பயன்படட்டும் என்று இரண்டு மாதம் அதைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்றேன். "போலிதான், யாருக்குத் தெரியப் போகிறது?" என்று ஆசிரியர் அறையில் சிரித்தேன். அதே வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வேறொருவர் எழுதிய கட்டுரையைத் தன்னுடையதாகக் கொடுத்தான். ஏன் என்று கேட்டேன். "யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன் டீச்சர்," என்றான். அன்று மாலையே பையை வெட்டிக் குப்பையில் போட்டேன்.

அவனை நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? எழுத்தைப் பார்த்தன்று, கையெழுத்து அவனுடையதுதான். "இதை எப்படி எழுதினாய்?" என்று கேட்டேன், அவனால் விடை சொல்ல முடியவில்லை. பைக்கும் அதே கேள்விதான். எங்கிருந்து வந்தது? வாங்கிய பற்றுச்சீட்டு எங்கே? விற்பவருக்கு முகவரி உண்டா? போலி என்றால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவாரா? புதிய லூயி விட்டோன் பை அந்நிறுவனத்தின் சொந்தக் கடைகளிலும் இணையத்தளத்திலும்தான் விற்கப்படுகிறது. அங்கே மலிவு விற்பனை என்பதே கிடையாது. 'கிடங்கு விலை' என்று யாரேனும் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். வணிகரிடம் ஏமாந்தவர்கள் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வெட்கத்தால் வாய்மூடி இருக்காதீர்கள்.

பெட்டாலிங் சாலையில் தெரிந்தே போலியை வாங்குவோரிடம் ஒரு சொல். போலி வணிகக் குறி இட்ட பொருளை விற்பது 2019ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். 'பணக்கார நிறுவனத்துக்கு என்ன நட்டம்?' என்கிறீர்கள். நட்டம் அவர்களுக்கு எவ்வளவோ, நானறியேன். நம் வீட்டு நட்டத்தை நானறிவேன். பார்த்து எழுதாதே என்று பிள்ளையிடம் சொல்லும்போது, நம் தோளில் தொங்குவது எது என்பதை அப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெயரில்லாத துணிப்பை போதும். அது பொய் சொல்லாது.

சிந்திப்போம்!