வலி தீர்க்கும் ஊசி வம்பாகக் கூடாது

கறவை மாடு காய்ச்சல் கண்டு தீவனம் எடுக்காமல் நின்றால், அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. உழவு நேரத்தில் காளை நொண்டினாலும் இதே கதைதான். "ஒரு வலி ஊசி போடு, எழுந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். மருந்துக் கடையில் கிடைத்ததை வாங்கி, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு போட்டு விடுகிறோம். மாடும் எழுந்து விடுகிறது. இதில் என்ன தவறு என்று விவசாயிகள் என்னைக் கேட்பதுண்டு. தவறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, வலி போனதே தவிர நோய் போகவில்லை. குளம்பில் முள் ஏறிச் சீழ் வைத்திருக்கலாம். மடிவீக்கம் உள்ளே முற்றிக் கொண்டிருக்கலாம். வலி தெரியாத காளையை மறுநாளே ஏரில் பூட்டினால் புண் பெரிதாகும். வலி என்பது கால்நடை நம்மிடம் சொல்லும் ஒரே புகார். காரணத்தைப் பார்க்காமல் அதன் வாயை அடைப்பது வைத்தியமாகாது.

இரண்டாவது, மருந்தே செய்யும் கெடுதல். வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரப்பதை இம்மருந்துகள் தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்தான் குடலின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமலும் பார்த்துக் கொள்கிறது. ஆகவே கழிச்சலாலோ, தண்ணீர் குடிக்காமலோ உடல் வற்றிய மாட்டுக்கு இந்த ஊசியைப் போட்டால் சிறுநீரகம் பழுதாகும். இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துப் போடுவதும், ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்துப் போடுவதும் இரைப்பையிலும் குடலிலும் புண்ணை வரவழைக்கும். குதிரைகளுக்கு நரம்பு வழியாகச் செலுத்தும் பினைல்பியூட்டசோன் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும். மூன்று நாள் காய்ச்சலில் மாடு விழுங்க முடியாமல் தவிக்கும்போது வாய்வழியே மருந்து ஊற்றினால், அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மூன்றாவது, நம் தொழுவத்துக்கு வெளியே நடந்த சேதம். செத்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவை பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள். இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்து போயிற்று. காரணம் டைக்ளோபினாக் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து அது இறந்து போகிறது. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இம்மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் மாநிலத்தில் நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அந்தப் பக்கத்தில் மாடு மேய்ப்பவர்களின் பொறுப்பு பெரிது.

மைய அரசு கால்நடைகளுக்கு டைக்ளோபினாக்கை 2006-இல் தடை செய்தது. மனிதருக்கான ஊசி மருந்தைப் பெரிய குப்பிகளில் வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் அதை 3 மி.லி. குப்பியாகக் குறைத்தது. 2023-இல் அசிக்ளோபினாக், கீட்டோபுரோபென் ஆகியவற்றையும், 2024 இறுதியில் நிமிசுலைடையும் தடை செய்தது. அசிக்ளோபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது.

சட்டம் நல்லதே. ஆனால் சட்டம் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மாடு விழுந்து கிடக்க, மருத்துவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், விவசாயி கைக்குக் கிடைத்ததைத்தான் போடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவர் பணியிடங்கள் காலியாக இல்லாமல் பார்த்துக் கொள்வதும், பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம், டோல்பினாமிக் அமிலம் ஆகியவற்றைக் கிராமத்து மருந்தகம் வரை தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை.

வலியால் துடிக்கும் மாட்டுக்கு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. மெலாக்சிகம் மாட்டுக்குக் கிலோ எடைக்கு அரை மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. 300 கிலோ பசுவுக்கு 150 மில்லிகிராம். ஆனால் அந்த மாட்டுக்கு அது பொருந்துமா, எத்தனை நாள் போடலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வேளாண் விரிவாக்கப் பணியில் இருக்கும் நானும் அந்த முடிவை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை சிலவே. ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேளுங்கள். பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்பதைக் கேட்டு நடங்கள். ஐரோப்பாவில் மெலாக்சிகம் போட்ட பசுவின் பாலை 5 நாள் விற்க விடுவதில்லை. மருந்து போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்தால் காட்டோரம் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

மருந்தின் பெயரைக் கேட்க அரை நிமிடம் ஆகாது. அந்த ஒரு கேள்வி உங்கள் மாட்டையும், உங்கள் பாலைக் குடிக்கும் குழந்தையையும், வானத்தில் மிச்சமிருக்கும் பாறுகளையும் காப்பாற்றும்.