இலையில் மிஞ்சும் சோறு

அன்னத்தை எறிவது பாவம் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தார்கள். இன்று விஞ்ஞான சாஸ்திரிகளும் வேறு காரணம் காட்டி அதையே சொல்கிறார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2022-ஆம் வருஷத்தில் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவிகிதம் வீணானது ஹோட்டல்களிலும் கடைகளிலும் அன்று, வீடுகளில்!

எறிந்த சோறு எங்கே போகிறது? சென்னைவாசிகள் பெருங்குடியை அறிவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மலைபோல் குவிந்திருந்த குப்பை 2022 ஏப்ரலில் தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. அத்தகைய குவியலின் அடியில், காற்றுப் புகாத இடத்தில், சோறும் காய்கறித் தோலும் அழுகும்போது மீதேன் என்னும் வாயு உண்டாகிறது. 20 வருஷ அளவில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்ற வல்லது இது. அந்த உஷ்ணத்தால் கோடை கடுமையாகிறது, பெருமழை பேய்மழையாகிறது. கடைசியில் நஷ்டப்படுவது நெல்வயலே.

"நிலக்கரி எரிக்கும் ஆலைகள் இருக்க, அடுப்பங்கரையைக் குறை கூறுவானேன்?" என்று இல்லத்தரசிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆலையைத் திருத்த அரசாங்கம் வேண்டும். அரிசியை அளந்து போட ஆழாக்கு ஒன்று போதும்.

மிஞ்சிய சோற்றில் இரவே நீர் ஊற்றிவிட்டால் காலையில் பழையது ஆயிற்று. தோலையும் காம்பையும் துளையிட்ட தொட்டியில் காய்ந்த சருகுடன் போட்டு, அவ்வப்போது கிளறி வாருங்கள். காற்றுப் பட்டு மக்கினால் மீதேன் பெரிதும் குறையும். செடிக்கு எருவும் கிடைக்கும்.

புருஷர்களுக்கும் ஒரு கடமை உண்டு. இலையில் சோறு விழுவதற்கு முன்பே "போதும்" என்று சொல்லப் பழகுங்கள்.